மெயின் மாற்றிய தெருவிலும் தண்ணீரில் சாக்கடை நாற்றம்: எஸ்டிமேட்டில் எதைக் கேட்கணும்?

அல்சூர்வாசி: பெங்களூரு அல்சூர்ல 100 மீட்டர் சந்து, 40 வீடு, பழைய வார்ப்பிரும்பு மெயின் (தெருவோட முக்கியக் குடிநீர்க் குழாய்). ஒருநாள் விட்டு ஒருநாள் சப்ளை. குழாய் மாற்றச் சொல்லி மனு தயாராகுது. ஆனா மெயின் மாற்றின தெருக்கள்லயும் முதல் பத்து நிமிஷம் நாற்றம் வருதாமே, ஏன்? பணத்தை எந்தக் கணக்குல கேட்கறது?

குழாய்_கணக்கு: முதல் பத்து நிமிஷம் மட்டும்னா வீட்டு இணைப்பைத்தான் முதல்ல சந்தேகப்படணும். சப்ளை நின்னு குழாய் காலியாகும்போது வெளியே தேங்கின அழுக்குத் தண்ணியை ஓட்டை வழியா உள்ளே இழுக்கும். வால்வைத் திறந்ததும் அதுதான் முதல்ல வரும்.

வார்ப்பிரும்புல பலவீனம் மூட்டு. சணல் திணிச்சு ஈயம் ஊத்தினது, வண்டி ஓட ஓடத் தளர்ந்துடும். ரப்பர் வளையம் போட்ட டிஐ (சட்டுன்னு உடையாத இரும்பு) குழாய் வந்தா அது தீரும். ஆனா சாக்கடையைத் தாண்டி வீட்டுக்குப் போற அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) குழாயை யாரும் தொடறதில்லை. அது மரையிலதான் முதல்ல இத்துப்போகும். புது மெயின்ல பிரஷர் கூடினா இன்னும் மோசம்: 20 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தத்துல 3 மி.மீ. ஓட்டை மணிக்கு சுமார் 300 லிட்டர் வெளியே விடும், அது குழாயைச் சுத்தித் தேங்கி சப்ளை நின்னதும் அழுக்கோட உள்ளே திரும்பும்.

எஸ்டிமேட்ல ஃபெரூல்லேர்ந்து (மெயின்ல வீட்டு இணைப்பு பிரியற இடம்) மீட்டர் வரைக்கும் நடுவுல மூட்டு இல்லாத எம்டிபிஇ (ஒருவகை பிளாஸ்டிக்) குழாய் இருக்கணும். பழைய மெயினை ரெண்டு பக்கமும் வெட்டி அடைக்கறதும் இருக்கணும், இதை மறக்காத ஆளே இல்லை. சாக்கடைக் குழாய்க்குப் பக்கவாட்டுல 3 மீட்டர் இடைவெளி விதி. சந்துல அது நடக்காது. குறுக்கே கடக்கற இடத்துலயாவது குடிநீர்க் குழாய் அரை மீட்டர் மேல போகட்டும். பிரஷர் டெஸ்ட் முடியாம மூட்டுகள் மேல மண் மூட விடாதீங்க.

புதுக் குழாயைக் கிருமி நீக்கித்தான் சப்ளை விடணும். 100 மி.மீ. குழாய்னா உங்க சந்துக்கு 785 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வர சுமார் 150 கிராம் பிளீச்சிங் பவுடர். 24 மணி நேரம் நிறுத்தி வெளியேத்தணும், யார் வீட்டு சம்ப்புக்குள்ளயும் விடாம.

வரவுசெலவு: அம்ருத் 2.0-ல (நகரக் குடிநீருக்கான மத்திய அரசுத் திட்டம்) 10 லட்சத்துக்கு மேல ஜனம் உள்ள ஊருக்கு மத்திய பங்கு 25 சதவீதம்தான். மீதி மாநிலமும் உள்ளூரும். தண்ணிக் கட்டணம் 2014-க்கு அப்புறம் 2025 ஏப்ரல்லதான் ஏறிச்சு. காவிரியை 100 கி.மீ. ஏத்திக் கொண்டுவர்ற கரண்ட் செலவு அதுக்காகக் காத்திருக்கலை. பாண்ட்னு (மாநகராட்சிக் கடன் பத்திரம்) சிலர் சொல்வாங்க. 1997-ல நாட்டுலயே முதல்ல வெளியிட்டது பெங்களூரு மாநகராட்சிதான், 125 கோடி, மாநில அரசு உத்தரவாதத்தோட. ஆனா அது கடன், திருப்பிக் கட்ட வருமானம் வேணும். ஒரு சந்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ரோடு டெண்டரைப் பிடிங்க. வெட்டி மூடற செலவு குழாய் வேலையில பெரிய துண்டு. தார், ஒயிட் டாப்பிங் (மேல கான்கிரீட் போடறது) எதுவானாலும் அதுக்கு முன்னாடியே குழாயையும் இணைப்புகளையும் சேர்க்கச் சொன்னா ஒரே வெட்டோட முடியும். 2025 செப்டம்பர்லேர்ந்து பெங்களூருக்கு ஐந்து மாநகராட்சி. உங்க வார்டு எதுலன்னு பார்த்து மனு கொடுங்க.

அல்சூர்வாசி: தார் ஏற்கெனவே போட்டாச்சே சார்?

குழாய்_கணக்கு: அப்போ முதல்ல இடத்தைக் கண்டுபிடிங்க. சப்ளை நாள்ல குளோரின் கிட்டோட ஒவ்வொரு வீட்டு மீட்டர் குழாய்லயும் சோதிங்க, சம்ப்புல வேண்டாம். லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது காட்டணும். ஒரே வீட்டுல மட்டும் இறங்கினா அந்த இணைப்பு. தண்ணி போற திசையில ஒரு வீட்டுலேர்ந்து வரிசையா எல்லாத்துலயும் இறங்கினா, அந்த வீட்டுக்கும் முந்தின வீட்டுக்கும் நடுவுல மெயின்ல இருக்கற மூட்டு. அங்க மட்டும் தோண்டினாப் போதும்.