வாரம் முழுக்க ஆபீஸ், எப்போதாவது லோடு: எஃப்-150 எடுப்பதா, மேவரிக் ஹைபிரிட் போதுமா?

ஃப்ரிஸ்கோ_வாசி (கேள்வி)

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். நானும் மனைவியும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். ஆபீஸ் போய்வர, கடை கண்ணி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 14,000 மைல் ஓடும். பின்பக்கத் தோட்டத்தில் 4×8 அடி, ஓரடி உயரத்தில் இரண்டு பாத்தி கட்டி கத்திரி, வெண்டை, முருங்கை போட எண்ணம். அதற்கு மண், மல்ச் (பாத்தி மேல் பரப்பும் மரச்சிராய்), பிளைவுட் ஏற்ற வேண்டும். பிறகு ஒரு டிராவல் டிரெய்லர் (பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு, காலி எடை 5,000 பவுண்ட் அளவு) வாங்கும் யோசனையும் இருக்கிறது, ஆனால் அது உறுதி இல்லை.

என் முன்னால் இருப்பவை மூன்று: ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ 2.7 எகோபூஸ்ட் 4×4 (நாலு கதவுப் பெரிய பிக்கப், 2.7 லிட்டர் டர்போ இன்ஜின்), ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் (சின்ன பிக்கப்), அல்லது டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் (எஸ்யூவி) எடுத்து அதோடு சின்ன டிரெய்லர். இங்கே எல்லோரும் "டெக்சஸில் இருந்துகொண்டு டிரக் இல்லையா?" என்கிறார்கள். பெட்ரோல் செலவில் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வரும்? நம்ம ஊரில் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் மாதிரி நடுவாந்தர வண்டி இங்கே ஏன் கிடைப்பதில்லை?

பேலோட்_பார்

முதலில் பெட்ரோல் கணக்கு. மைல்/கேலன் எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். புது வண்டியின் ஜன்னலில் ஒட்டிய மைலேஜ் ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் "100 மைலுக்கு எத்தனை கேலன்" என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். நீங்கள் சொன்ன எஃப்-150 சுமார் 20 மைல் கொடுக்கும், அதாவது 100 மைலுக்கு 5 கேலன். மேவரிக் ஹைபிரிட் 37, அதாவது 2.7 கேலன். ராவ்4 ஹைபிரிட் (2025 மாடல்) 39, அதாவது 2.6 கேலன். உங்கள் 14,000 மைலுக்கு முறையே 700, 378, 359 கேலன். கேலன் 3 டாலர் என்று வைத்தால் எஃப்-150க்கும் மேவரிக்குக்கும் வருடத்துக்கு 966 டாலர் வித்தியாசம். மேவரிக்குக்கும் ராவ்4க்கும் வெறும் 57 டாலர். அதனால் அந்த இரண்டுக்குள் மைலேஜை வைத்து முடிவு எடுக்காதீர்கள். எது வசதியோ அதை எடுங்கள்.

எஃப்-150லேயே பவர்பூஸ்ட் ஹைபிரிட் எடுத்தால்? 23 என்று வைத்தால் 609 கேலன். வருடத்துக்கு 270 டாலர்தான் மிச்சம். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. வண்டியிலிருந்தே கரண்ட் எடுத்து மின்ரம்பம், ஃப்ரிட்ஜ் ஓட்டும் வேலை இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள்.

அடுத்தது மண். பெரிய டிரக் வாங்குகிறவர்கள் அதிகம் தப்புக் கணக்குப் போடும் இடம் இது. 4×8×1 அடிப் பாத்தி ஒன்றுக்கு 32 கன அடி. இரண்டுக்கு 64. ஒரு கன யார்டு என்பது 27 கன அடி, ஆக உங்களுக்கு 2.4 யார்டு வேண்டும். ஒரு யார்டு மண் 2,000 பவுண்டுக்குக் குறையாது, மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். "ஹாஃப் டன்" என்று பெயர் பெற்ற எஃப்-150இல் குடும்பங்கள் வாங்கும் டிரிம்களில் (வசதி வகைகளில்) கதவோர மஞ்சள் ஸ்டிக்கர் பேலோட், அதாவது வண்டியில் ஏற்றக்கூடிய மொத்த எடை, 1,400 முதல் 1,700 பவுண்ட் வரைதான் என்று சொல்லும், அதில் ஓட்டுகிறவரின் எடையும் அடக்கம். ஆக ஒரு யார்டு மண்ணை ஒரே நடையில் ஏற்ற எஃப்-150க்கே அனுமதி இல்லை. மண் விற்கும் இடத்தில் லோடர்காரர் ஒரு வாளி நிறையக் கொட்டிவிடுவார், பின் ஸ்ப்ரிங் ரப்பர் ஸ்டாப்பில் போய் உட்காரும், முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், பிரேக் நீளும். 2.4 யார்டை டம்ப் லாரியில் வீட்டு வாசலில் கொட்டச் சொல்லுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் இந்த வேலைக்கு அதுதான் வழி.

மல்ச் வேறு விஷயம். 2 கன அடிப் பை, 14 பை சேர்ந்தால் ஒரு யார்டு. அது மேவரிக்கிலேயே ஏறும்.

பிளைவுட்: எஃப்-150 பெட்டியில் சக்கர மேடுகளுக்கு நடுவே 50.6 அங்குலம், 48 அங்குலத் தகடு தரையிலேயே படுத்துவிடும். மேவரிக்கில் அந்த இடைவெளி 42.6 அங்குலம்தான். ஆனால் டெயில்கேட்டைப் பாதித் திறப்பில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அந்த நிலையில் அதன் விளிம்பும் சக்கர மேடுகளும் ஒரே மட்டத்தில் வரும், தகடு சமமாகக் கிடக்கும். ராட்செட் ஸ்ட்ராப் (இறுக்கிக் கட்டும் பட்டை) இரண்டு போட்டு, முன்னோக்கி ஒன்று, குறுக்கே ஒன்று இழுத்துக் கட்டுங்கள். குறுக்கே மட்டும் கட்டினால் வண்டி கிளம்பும்போது தகடு பின்னோக்கி வழுக்கும்.

கடைசியாக டிராவல் டிரெய்லர். ஒருநாள் வாங்கலாம் என்பதற்காக இன்றே கேலனுக்கு 20 மைல் கொடுக்கும் வண்டி எடுக்க வேண்டாம். காலி எடை 5,000 என்றால் தண்ணீர், கேஸ், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்ந்து 6,200 ஆகும். அதில் 12 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் எடை, சுமார் 750. அந்தப் பாரத்தை முன் அச்சுக்கும் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் 80. குடும்பம் நாலு பேர் 520. மொத்தம் 1,350. ஸ்டிக்கர் 1,500 என்றால் கூலர், சைக்கிள், விறகு எல்லாவற்றுக்கும் 150 பவுண்ட்தான் மிச்சம். பனோரமிக் கூரை, 20 அங்குல ரிம் வைத்த உயர் டிரிம்களில் ஸ்டிக்கர் இன்னும் குறையும். விளம்பரத்தில் 10,000 பவுண்ட் இழுக்கும் என்று போட்டிருந்தாலும் முதலில் முட்டுவது பேலோட்தான். ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி எண் மாறும். கையெழுத்துப் போடும் முன் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள்.

ஸ்கார்பரோ_கொட்டில்

கனடாப் பக்கத்தில இருந்து ரெண்டு விஷயம். எங்கட லேபிளில 100 கிலோமீற்றருக்கு எத்தினை லீற்றர் எண்டுதான் முதல்ல இருக்கும். உங்கட மூண்டு வண்டியும் சுமார் 11.8, 6.4, 6.0. மேல சொன்ன கணக்கு ஒரு பார்வையில விளங்கும்.

அளவைப் பாருங்கோ. எஃப்-150 சூப்பர்க்ரூ 5.5 அடிப் பெட்டியோட 231.7 அங்குல நீளம், அதாவது 19 அடி 4 அங்குலம். வீட்டுக் கராஜ் பொதுவா 20 அடி ஆழம். மிச்சம் எட்டு அங்குலம். உள்ளுக்கை சுடுதண்ணி டாங்கோ, வீட்டுக்குள்ள ஏறுற படியோ இருந்தால் கதவு மூடாது. பக்கக் கண்ணாடியளையும் சேர்த்து அகலம் 95.7 அங்குலம், 8 அடிக் கதவு 96 அங்குலம். ஒவ்வொரு நாளும் கண்ணாடியை மடிச்சுத்தான் உள்ள விடவேணும். நீளத்தில மேவரிக் 199.7, ராவ்4 180.9 அங்குலம். அடுக்குமாடி, ஆஸ்பத்திரி நிலக்கீழ்த் தரிப்பிடங்களுக்குப் போறவை உயரப் பலகையையும் கவனியுங்கோ. 4×4 எஃப்-150 கிட்டத்தட்ட 1.96 மீற்றர். கூரையில ராக் போட்டால் 2 மீற்றர்க் குறுக்குச் சட்டத்தில தட்டும்.

பனிக்குப் பெரிய ட்ரக்தான் நல்லது எண்டு கன பேர் சொல்லுவினம். வெறும் பிக்கப்புக்குப் பின்பக்கம் பாரமில்லை, பின்சில்லு வழுக்கும். பின் அச்சுக்கு நேர மேல மணல் மூட்டை நாலஞ்சு போட்டுக் கட்டினால்தான் பிடிக்கும். அதால எரிபொருள் இன்னும் கூடும். 4×4 உங்களைப் புறப்பட வைக்கும், நிப்பாட்டாது. நிப்பாட்டுறது வின்ரர் ரயர். இன்னுமொண்டு, 4எச் எண்ட பகுதிநேர 4×4ஐக் காய்ஞ்ச தார் றோட்டில போட்டுத் திருப்பினால் முன்பின் அச்சு ஒண்டை ஒண்டு இறுக்கும், ரெண்டு அச்சுக்கும் சக்தி பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். 4ஏ எண்ட, தானாவே மாறுற தெரிவு இருக்கிற ட்ரிம் எண்டால் பிரச்சினை இல்லை.

ராவ்4 ஹைபிரிட் பழசு பார்க்கிறவைக்கு: 2019இல தொடங்கின தலைமுறையின்ர முதல் வருச வண்டிகளில, பின் மோட்டருக்குப் போற உயர் மின்னழுத்தக் கேபிளின்ர இணைப்பு, பனிக்கு றோட்டில போடுற உப்பில அரிக்கும். வாங்க முதல் தூக்கிப் பார்த்து, கறள் பிடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. டெக்சஸில உப்பு குறைவு, ஆனால் வடக்கே ஓடின வண்டி அங்க விலைக்கு வரும்.

சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு எண்டபடியால் இதையும் சொல்லவேணும். அமெரிக்காவின்ர ஐஐஎச்எஸ் (காப்புறுதிக் கொம்பனியளின்ர வீதிப் பாதுகாப்பு நிறுவனம்) 2023இல வெளியிட்ட ஆய்வில, பொனெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல உள்ள வண்டி இடிச்சால் நடந்துபோறவர் சாகிற வாய்ப்பு, 30 அங்குலமோ அதுக்குக் குறைவோ, சரிஞ்ச முகமுள்ள காரை விட 45 சதவீதம் கூட எண்டு கண்டிருக்கினம். ட்ரைவ்வேயில முன்னுக்கு நிக்கிற பிள்ளை ஆசனத்தில இருந்து தெரியுதோ எண்டு டெஸ்ட் ட்ரைவ் அண்டைக்கே பாருங்கோ. முன் கமரா இல்லாத ட்ரிம் வாங்கவே வேண்டாம்.

ஹிட்ச்_பின்

ஹைலக்ஸ் கேள்விக்குப் பதில்: வெளிநாட்டில் செய்த இலகு டிரக்குக்கு அமெரிக்கா 1964 முதல் 25 சதவீத வரி போட்டது. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடி அது, இன்றும் "சிக்கன் டாக்ஸ்" என்றே பெயர். அதனால் தாய்லாந்து ஹைலக்ஸ் இங்கே வந்து விற்காது. அந்த இடத்தில் டொயோட்டாவின் டகோமா இருக்கிறது. பிறகு மைலேஜ் விதிகள் வண்டியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து இலக்கு போட ஆரம்பித்தன. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். சின்ன டிரக் செய்வதில் கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைய அதுவும் ஒரு காரணம். ஃபோர்டு தன் பழைய சின்ன டிரக்கான ரேஞ்சரை 2011 கடைசியில் இங்கே நிறுத்தி 2019 மாடலில்தான் திரும்பக் கொண்டுவந்தது.

ராவ்4 + டிரெய்லர் பற்றி யாரும் சொல்லவில்லை. ராவ்4 ஹைபிரிட் (2025 மாடல் வரை) இழுப்பது 1,750 பவுண்ட், ஹிட்ச் மேல் 175. 5×8 அடி யுடிலிட்டி டிரெய்லர் காலியாகவே 600 பவுண்ட் பக்கம். ஆயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் ஏற்றலாம். மல்ச், செடி, பிளைவுட், பழைய சோபா எல்லாவற்றுக்கும் போதும். வண்டிக்கு அடியில் 2 அங்குல ரிசீவரும் (ஹிட்ச் செருகும் குழாய்), டிரெய்லர் விளக்குகளுக்கு 4 முனை (பின்) ஒயரிங்கும் போட வேண்டும்.

இதில் உயிர் போகும் தப்பு ஒன்று: ஹிட்ச் பால், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையின் அளவு. அந்த உருண்டையைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளரின் மேல் "2 அங்குலம்" என்று பொறித்திருக்கும், வண்டியில் 1⅞ அங்குல பால் மாட்டியிருப்பார்கள். லாட்ச் மூடும், சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும், முதல் பெரிய பள்ளத்தில் கழன்று குதிக்கும். லாட்ச் பூட்டிய பிறகு முன் ஜாக்கைச் சுற்றி டிரெய்லர் நாக்கை (முன் கம்பியை) உயர்த்துங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளர் மட்டும் மேலே வந்தால் பால் தப்பு. சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கழன்றாலும் நாக்கு ரோட்டில் குத்தாமல் அதில் தாங்கும். பாரத்தில் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின்பாரம் கூடினால் 50 மைல் வேகத்திலேயே டிரெய்லர் ஆட்டம் போடும். டிரெய்லர் ரயரின் காற்றைப் பக்கவாட்டில் எழுதிய உச்ச அளவுக்கே வையுங்கள். டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி ரயர்கள் பல 65 மைல் வேகத்துக்கு மட்டுமே. டெக்சஸ் ஹைவேயில் 75 போகிறவர்களோடு போட்டி வேண்டாம்.

கடன் போட்டு வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் கடைசியாகப் பொருத்தப்பட்ட புது வண்டியின் கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழிக்கலாம். தனி ஆள் 1,00,000, தம்பதி 2,00,000 டாலர் வருமானத்துக்கு மேல் சலுகை தேயும். எஃப்-150 டியர்பார்ன், கேன்சஸ் சிட்டி ஆலைகளில் வருகிறது, அதற்கு உண்டு. மேவரிக் மெக்சிகோவின் எர்மோசியோ ஆலையில் செய்வது, அதற்கு இல்லை. வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பர் 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. "6,000 பவுண்ட் டிரக்குக்கு வரி விலக்கு" என்று சேல்ஸ்மேன் சொன்னால் அது பிசினஸ் உபயோகம் பாதிக்கு மேல் இருப்பவர்களுக்கு. சம்பளக்காரர்களுக்கு இல்லை.

பழைய எஃப்-150 பார்த்தால் 2021, 2022 மாடல் 2.7 இன்ஜினில் இன்டேக் வால்வு உடையும் குறைக்காக 2024இல் ரீகால் வந்திருக்கிறது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வின் நம்பரைப் போட்டு வேலை முடிந்ததா என்று பாருங்கள்.

ஃப்ரிஸ்கோ_வாசி

எல்லோருக்கும் நன்றி. டீலரிடம் நின்ற எஃப்-150 லேரியட் டிரிமின் ஸ்டிக்கர் 1,420 காட்டியது, கராஜும் சரியாக 20 அடி. எஃப்-150ஐ விட்டுவிட்டோம். மேவரிக் ஹைபிரிட் எடுத்து, பின்னால் தேவைப்பட்டால் 4,000 பவுண்ட் இழுக்க வைக்கும் டோ பேக்கேஜை டீலரிடம் போட்டுக்கொள்ளலாமா? பின் சீட் பிள்ளைகளுக்குப் போதுமா?

பேலோட்_பார்

பின்னால் போட முடியாது. 4கே பேக்கேஜ் என்பது ஹிட்ச் மட்டும் இல்லை. டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர் ஃபேன், மாற்றிய ஃபைனல் டிரைவ் (கடைசி கியர் விகிதம்), 7 முனை ஒயரிங் எல்லாம் ஆலையிலேயே வருவது. ரிசீவரை மட்டும் பெரிதாக மாற்றினால் வண்டியின் அனுமதி 2,000 பவுண்டில்தான் நிற்கும். ஹைபிரிடில் இந்தப் பேக்கேஜ் 2025 மாடல் முதல், அதுவும் நாலு சக்கரமும் இழுக்கும் ஏடபிள்யூடிக்கு மட்டும். முன்சக்கர ஹைபிரிடுக்குக் கிடையாது. மைலேஜில் ஒன்றோ இரண்டோ குறையும். ஆர்டர் ஷீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். 4,000 இருந்தாலும் 5,000 பவுண்ட் டிரெய்லருக்கு அது ஆகாது. காலி எடை 2,500, 2,800 அளவில் பாப்-அப், டியர்டிராப் மாதிரி சின்ன டிரெய்லர்களைத் தேடுங்கள்.

பின் சீட் கால் இடம் 36 அங்குலம் அளவு, எஃப்-150இல் 43.6. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. பூஸ்டர் சீட் இரண்டையும் டெஸ்ட் டிரைவுக்கு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள், பெல்ட் பக்கிள் பூஸ்டருக்கு அடியில் மாட்டுகிறதா என்பதை முக்கியமாக.