இரண்டு வழக்கு, இரண்டு தண்டனை: சேர்ந்தாற்போல் கழிக்க வழி உண்டா? (வேலூர்)

கேள்வி – காட்பாடி
தம்பி தொரப்பாடி மத்திய சிறையில் இருக்கிறான். ஒரே குடோனில் நடந்த திருட்டு, இரண்டு எஃப்.ஐ.ஆர். ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் 1 வருடம் கொடுத்தார்கள். அது ஓடும்போதே வேறொரு கோர்ட்டில் 2 வருடம், 5,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 3 மாதம். இந்தத் தீர்ப்பு வந்து 40 நாள் ஆகிறது. இரண்டையும் ஒன்றாக ஓடவிடச் சொல்லி அதே நீதிபதியிடம் மனு போடலாமா? தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாளையும் தண்டனையிலிருந்து ஜெயிலில் கழிக்கவில்லையாம்.

பதில் – சத்துவாச்சாரி வக்கீல்
அதே கோர்ட்டுக்குப் போகாதீர்கள். கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழையைத்தான் அவர் திருத்தலாம் (பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 403, பழைய சட்டத்தில் 362). தண்டனையை மாற்ற சத்துவாச்சாரி வளாகத்தில் உள்ள செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும்.

கெடு 30 நாள். நகல் மனு போட்டு நகல் கிடைக்க ஆன நாட்கள் அதில் சேராது. ஆனால் தீர்ப்பு நாளிலேயே இலவச நகல் கையில் கொடுத்திருந்தால் கழிக்க நாளே இருக்காது. அப்போது அப்பீலோடு தாமத மன்னிப்பு மனுவும் பிரமாணப் பத்திரமும் வேண்டும். "உள்ளே இருந்தான்" என்று ஒற்றை வரியில் எழுதினால் நிற்காது. நகல் வந்த தேதி, ஜெயிலில் வக்காலத்து கையெழுத்தான தேதி எல்லாம் வரிசையாக வரட்டும்.

இனி முக்கியமானது. முதல் தண்டனை ஓடும்போது இரண்டாவது வந்தால், நீதிபதி எதுவும் சொல்லாதவரை அது முடிந்த பிறகே இது தொடங்கும் (467, பழையது 427). உங்கள் தீர்ப்பிலும் சேர்ந்து ஓடட்டும் என்ற வரி இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரே குடோன், ஒரே உரிமையாளர், அடுத்தடுத்த தேதி என்று காட்டி, சேர்த்து ஓடவிடும்படி அப்பீல் காரணங்களிலேயே தனியாக எழுதுங்கள். முதல் வழக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் இணையுங்கள். அந்த வழக்கு செஷன்ஸ் நீதிபதி முன் இல்லை. நகல் இல்லாமல் அவர் எதை வைத்து ஒப்பிடுவார்? 2022 டிசம்பரில் உத்தரப் பிரதேச மின்திருட்டு வழக்கு ஒன்றில், ஒன்பது வழக்குக்கு தலா 2 வருடம் என்று 18 வருடமாக நீண்டதை உச்ச நீதிமன்றம் சேர்த்து ஓடச் சொன்னது. ஆனால் அப்பீலில் கேட்காமல் விட்டுப் பிறகு தனி மனுவாகக் கேட்டதை 2007-இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. இப்போதே கேட்டுவிடுங்கள்.

பதில் – ஆற்காடு
ரிமாண்டு நாள் வேறு விஷயம். தண்டனை வாரன்டில் (கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பும் உத்தரவு) எழுதியிருப்பதைத்தான் ஜெயிலில் கணக்கு எடுப்பார்கள். அதில் விட்டுப்போயிருந்தால், சிறைக் கண்காணிப்பாளரிடம் காவல் நாள் சான்று வாங்கி, தண்டித்த கோர்ட்டில் வாரன்டைத் திருத்த மனு போடலாம். இதற்கு அந்தக் கோர்ட்டுக்கே போகலாம் (468, பழையது 428). எந்த வழக்கில் ரிமாண்டோ அந்த வழக்கில்தான் கழியும். தம்பி முதல் வழக்கில் உள்ளே இருந்தபோது இரண்டாவதில் பி.டி. வாரன்ட் (ஜெயிலில் இருப்பவரை வேறு வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு) போட்டு ரிமாண்டு காட்டினார்களா, எந்தத் தேதியில் என்று பாருங்கள். காட்டாமல் விட்ட நாட்கள் இரண்டாவது வழக்கில் சேராது.

காட்பாடி
ரொம்ப நன்றி சார். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா? அபராதம் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

சத்துவாச்சாரி வக்கீல்
குற்றவாளி போடும் அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அபராதம் கட்டுவது ஒப்புதலும் ஆகாது. விடுதலையானால் திரும்பக் கேட்கலாம். கட்டாமல் விடாதீர்கள். அந்த 3 மாதம் எதனோடும் சேர்ந்து ஓடாது, ரிமாண்டு நாளும் அதில் கழியாது. தண்டித்த கோர்ட்டில் கட்டி, ரசீது நகலை ஜெயிலில் கொடுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் அதே வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. சட்ட உதவி எண் 15100-க்கும் கூப்பிடலாம். அதுவும் தாமதமானால் தம்பியே கண்காணிப்பாளர் வழியாக ஜெயிலிலிருந்து அப்பீல் அனுப்பலாம் (424). அப்பீலோடு தண்டனை நிறுத்தி வைக்கும் மனுவையும் (430) சேர்த்தே போடுங்கள். இல்லாவிட்டால் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையில் பெரும்பகுதி கழிந்துவிடும்.