மஸ்டாங்கின் பின் ஆக்சில் ஒடிந்துவிட்டது, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டிராக் ரேஸுக்கு (நேர் பாதையில் குறுகிய தூர வேகப்போட்டி) ஓட்டும் 1989 ஃபோர்டு மஸ்டாங் கார், 8.8 அங்குல (ரிங் கியர் விட்டம்) பின் ஆக்சில், ஷாஃப்ட் நுனியில் 28 ஸ்ப்லைன் (பல் போன்ற வரிகள்). ஸ்லிக் டயரோடு (வரிப்பள்ளம் இல்லாத, பிடிப்பு அதிகமான ரேஸ் டயர்) கிளட்சை விட்டதும் 'டமார்' என்று சத்தம். வலது சக்கரம் டிரம்மோடு வெளியே நகர்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, வண்டி வேகமெடுக்கவில்லை.

கழற்றினால், ஸ்ப்லைன் முடியும் இடத்தில் ஷாஃப்ட் ஒடிந்திருக்கிறது. ஒடிந்த முகத்தில் பாதி வழவழவென்று வரிவரியாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருக்கிறது. ரொம்ப நாள் விரிசல் என்றுதான் தோன்றுகிறது.

சரி, 31 ஸ்ப்லைனுக்கு மாறப்போகிறேன், ஷாஃப்ட் பொருந்தும் டிஃபரன்ஷியலையும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) சேர்த்துத்தான். கவலையெல்லாம் ஹவுசிங் (ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் உள்ளே இருக்கும் கூடு) பற்றியது. அதன் குழாய் வளைந்திருந்தால் புது ஷாஃப்டுக்கும் இதே கதிதான். அலைன்மென்ட் பார் (குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே செருகும் நேர்க்கம்பி) இல்லாமல் அதைச் சரிபார்க்க முடியுமா? குழாயை, டிஃபரன்ஷியல் இருக்கும் நடு வார்ப்போடு வெல்டிங் செய்தவர்கள், சூட்டில் வளையாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?