கேப்டன் காட்டன் கால்வாய்க்கு வளைவா, பெட்டியா?

கால்வாய்க்கரை:
வடசென்னையில் இந்தக் கால்வாய்மேல் உள்ள எங்கள் பக்கத்துச் சிறுபாலங்களை மாற்றும்போது, நடுச்சுவர் வைத்த பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலம்) இனி வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்தச் சுவரில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தேன். முன்வார்ப்பு கான்கிரீட் வளைவு என்றால் கரைக்குக் கரை ஒரே தாவல். வேறிடத்தில் வார்த்த துண்டுகளைக் கிரேன் தூக்கி வைத்துவிடும். கால்வாய்க்குள் சென்ட்ரிங் அடிக்க வேண்டியதில்லை, ஐப்பசி மழைக்கு முன்பே வேலை முடியும்.

பழைய மேஸ்திரி:
நடுச்சுவரைப் பற்றிச் சொன்னது சரி, தம்பி. ஆனால் வளைவு தன் கால்களை வெளிப்பக்கமாக உதைக்கும். பாறை என்றால் அந்த உதைப்பைத் தாங்கும். இங்கே தோண்டினால் களிமண் அல்லவா வருகிறது! கால் விலகினால் உச்சி இறங்கும். பெட்டி அப்படியல்ல, அடித்தளம் முழுவதும் பரவி உட்காரும். நீர் போகும் வாயையும் கணக்குப் போடுங்கள். 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்றால் பெட்டிக்கு 32 சதுர மீட்டர். அதே அளவு அரைவட்டத்துக்கு 25தான். வெள்ளம் ஏற ஏற வளைவு குறுகிக்கொண்டே போகும்.

கால்வாய்க்கரை:
ஐயா, இரண்டு கால்களையும் கால்வாய்த் தரைக்கடியில் கான்கிரீட் தளத்தால் இணைத்துவிட்டால் உதைப்பு அதற்குள்ளேயே அடங்கிவிடுமே! இன்னொன்றையும் பாருங்கள். எண்ணூர்க் காற்றின் உப்பில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிளக்கிறது. வளைவில் பெரும்பாலும் அழுத்தம்தான், அதைக் கம்பி இல்லாமல் கான்கிரீட்டே தாங்கும். பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான முறையில் கம்பியே கிடையாது. ஆப்பு வடிவக் கட்டிகளை மேற்புறம் செயற்கை இழை வலையால் இணைத்துத் தட்டையாகக் கொண்டுவருகிறார்கள். கிரேன் தூக்கும்போது தன் எடையாலேயே வளைந்துகொள்கிறது.

வியாசர்பாடி வாசி:
இருவரும் கால்வாயையே பார்க்கிறீர்கள். வளைவின் முதுகில் மண் நிரப்பித்தானே சாலை போடுவீர்கள்? சாலை எத்தனை அடி உயரும்? ஏற்கெனவே எங்கள் தெருவில் இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். பாலத்தின் சரிவு வாசலுக்கு வந்தால் மழைநீர் எங்கள் அடுப்படிக்குத்தான் வரும்.

பழைய மேஸ்திரி:
அம்மா கேட்டதுதான் முதல் கேள்வி. அந்த மண்ணை இரு பக்கமும் ஒரே மட்டத்தில், அடுக்கடுக்காகக் கெட்டித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லாரியைக் கவிழ்த்தால் வளைவு சாய்ந்துவிடும். இங்கே அதை யார் நின்று பார்ப்பார்கள்?

கால்வாய்க்கரை:
தாழ்வான வளைவு வைக்கலாம் என்று எழுத வந்தேன். தாழத் தாழ உதைப்பு கூடும் என்பது எனக்கே தெரிகிறது. இந்தத் தெருவுக்கு வளைவை நான் வற்புறுத்தவில்லை. கரை உயர்ந்து, வீடுகள் தள்ளியிருக்கும் இடத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் நடுச்சுவரை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய மேஸ்திரி:
நடுச்சுவர் இல்லாமல் 8 மீட்டருக்கு முன்வார்ப்பு உத்தரங்களே போதும். தடிமன் கூடும், அவ்வளவுதான்.

வியாசர்பாடி வாசி:
அந்தத் தடிமன் மேலே ஏறுமா, கீழே இறங்கி நீரை மறிக்குமா? வரைபடத்தில் எங்கள் வாசற்படியின் மட்டத்தையும் குறித்துக் காட்டுங்கள்.