ஆறு செவுள் சுறாவின் தாடை: எந்த இனம் என்று எப்படி உறுதி செய்வது?

குமரன், சாட்ஸ்வர்த்
தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வெளியே ஆழ்தூண்டிலில் ஏறிய ஒரு சுறாவின் காய்ந்த தாடையும், அதைப் பக்கவாட்டில் எடுத்த படமும் எங்கள் பள்ளி உயிரியல் கூடத்துக்கு வந்திருக்கின்றன. நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். படத்தில் ஆறு செவுள் பிளவுகள் தெளிவாகத் தெரிகின்றன, கீழ்ப்பற்கள் சீப்பு போல அகலம். ஹெக்ஸாங்கஸ் கிரிசியஸ் என்று எழுதிவிடலாமா? "உலகின் மிகப் பழைய சுறா" என்றும் விவரச் சீட்டில் போடச் சொல்கிறார்கள். அது சரியா?

மீனாட்சி, சைமன்ஸ் டவுன்
செவுளை மட்டும் நம்ப வேண்டாம் தம்பி. நம் கடலிலேயே ஆறு செவுள் உள்ள ரம்பச் சுறா உண்டு, பிளியோட்ரீமா. 1980இல் போர்ட் எலிசபெத் கரையில் ஒதுங்கிய மாதிரியை வைத்து விவரிக்கப்பட்ட ஹெக்ஸாட்ரைகான் திருக்கைக்கும் ஆறுதான். ஆகவே முதலில் முதுகைப் பாருங்கள். ஒரே ஒரு முதுகுத் துடுப்பு, முள் இல்லாமல், வாலுக்கு அருகே இருக்க வேண்டும். கீழே குதத் துடுப்பும் இருக்க வேண்டும். ரம்பச் சுறாவுக்கு முதுகில் இரண்டு, குதத் துடுப்பு கிடையாது.

அடுத்தது பல். கீழ்த்தாடையின் நடுப்பல்லை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் அகலப் பற்களை மட்டும் எண்ணுங்கள். கிரிசியஸுக்கு ஆறு, ஹெக்ஸாங்கஸிலேயே இன்னோர் இனமான நாகமுராய்க்கு ஐந்து. இரண்டு இடத்தில் தவறு வரும். வாய்க்கோடியில் மணி மணியாக இருக்கும் குட்டிப் பற்களைச் சேர்த்தால் எண்ணிக்கை ஏறிவிடும். பின்னால் படுத்திருக்கும் மாற்றுப் பற்களை எண்ணினாலும் அப்படித்தான். தாடையின் குறுக்கே எண்ண வேண்டும், உள்நோக்கி அல்ல. மேல்பற்கள் ஒடுங்கிக் கூராக இருப்பதால் இந்தக் கணக்குக்கு உதவாது.

தாடையைக் கொதிநீரில் போட்டுவிடாதீர்கள். குருத்தெலும்பு இளகிப் பற்கள் கழன்றுவிடும்.

செல்வராஜ், உம்லாங்கா
மீனாக்கா சொன்னதோடு ஒரு அளவு. படத்தில் முதுகுத் துடுப்பின் அடிப்பகுதி நீளத்தை அளந்து, துடுப்பு முடியும் இடத்திலிருந்து வால் துடுப்பு தொடங்கும் வரை உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். கிரிசியஸில் இரண்டும் ஏறக்குறைய சமம், இடைவெளி கொஞ்சம் கூடலாம். நாகமுராயில் இடைவெளி மிகவும் நீளம். விகிதம்தான் வேண்டும் என்பதால் படமே போதும், சாய்வாக எடுத்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

நீளத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. கிரிசியஸ் நாலரை மீட்டரையும் தாண்டும், பிறக்கும்போதே சுமார் 70 செ.மீ. இருக்கும். ஒன்றரை மீட்டர் என்றால் அதன் இளசாகவும் இருக்கலாம், வளர்ந்த நாகமுராயாகவும் இருக்கலாம். ஆணாக இருந்தால் புணர் உறுப்பு விறைத்துக் கடினமாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நீளத்தில் கடினமாக இருந்தால் கிரிசியஸ் இல்லை. அது முதிர மூன்று மீட்டர் வேண்டும்.

ஏழு செவுள் வந்தாலும் இதே கவனம் தேவை. டர்பன் பக்க ஆழத்தில் என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஹெப்ட்ராங்கியாஸ் பெர்லோ: கூர்மூக்கு, பெரிய கண். அகலத் தலையும் சிறு கண்ணும் உடலெங்கும் கரும்புள்ளிகளும் இருந்தால் நோட்டோரிங்கஸ் செபிடியானஸ். அது கேப் டவுன் அருகே உள்ள ஃபால்ஸ் பே போன்ற குளிர்ந்த ஆழமற்ற நீரில் வாழ்வது.

மீனாட்சி, சைமன்ஸ் டவுன்
"மிகப் பழைய சுறா" வேண்டவே வேண்டாம். ஆறு, ஏழு செவுள் சுறாக்கள் அடங்கிய இந்த வரிசையின் புதைபடிவங்கள் ஜுராசிக் காலம் வரை போகின்றன, அது உண்மை. ஆனால் மரபணு ஆய்வுகள் இவற்றை முள் நாய்ச்சுறா, ரம்பச் சுறா இருக்கும் ஸ்குவாலோமார்ஃபி கூட்டத்துக்குள்தான் வைக்கின்றன. எல்லாச் சுறாக்களுக்கும் அடியில் கிளைத்த தனி மூதாதை இல்லை. கூடுதல் செவுளைப் பழமைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி முதுகெலும்பில் இருக்கிறது. பல சுறாக்களில் முள்ளெலும்பின் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள். இவற்றின் முள்ளெலும்பில் சுண்ணாம்பு மிகக் குறைவாகவே படிகிறது, வளையம் தெளிவாக விழாது. வயது தெரியாவிட்டால் எத்தனை ஆண்டில் முதிர்கிறது என்றும் தெரியாது. எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்று எதை வைத்துச் சொல்வது? கிரிசியஸ் ஒரே ஈற்றில் நூறு குட்டி வரை போடும் என்பதைப் பார்த்து, பிடித்தால் குறையாது என்று நினைப்பது ஆபத்து.

குமரன், சாட்ஸ்வர்த்
இரு பக்கமும் ஐந்து ஐந்துதான். இடைவெளி துடுப்படியைப் போல இரு மடங்குக்கு மேல். அப்படியானால் நாகமுராய். ஒரு பழைய நூலில் விட்யூலஸ் என்று போட்டிருக்கிறதே?

செல்வராஜ், உம்லாங்கா
விட்யூலஸ் வெகுகாலம் நாகமுராயோடு ஒன்றாகவே கருதப்பட்டது. 2018இல் அட்லாண்டிக் மீன்களை மரபணு வழியாகத் தனி இனமாகப் பிரித்து அந்தப் பெயரை மீட்டார்கள். நம்முடையது இந்தியப் பெருங்கடல், ஆகவே ஹெக்ஸாங்கஸ் நாகமுராய் என்றே எழுதுங்கள். சீட்டில் பிடித்த இடம், ஆழம், நாள், மொத்த நீளம், ஆணா பெண்ணா, பல் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். படத்தின் பிரதியையும் தாடையோடு வையுங்கள். விகிதத்தைச் சரிபார்க்க வேறு வழி இல்லை.