மவுண்டன் பைக் முதல் வகுப்பு: இறக்கத்தில் பின்சக்கரம் சறுக்குது, எதைச் சரிசெய்யணும்?

புதுச்செயின்:
அடுத்த வாரம் ஆரம்பநிலை வகுப்பு. சரளை இறக்கத்தில் பிரேக் பிடிச்சா பின்சக்கரம் லாக் ஆகி சறுக்குது. முன்பிரேக்கைத் தொடவே பயம், தூக்கிப் போட்டுடுமோன்னு. பத்து நிமிஷத்தில் முன்கை மரத்துப்போகுது. வண்டி ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), 29 இன்ச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், டியூப் போட்ட 2.25 இன்ச் டயர், காற்றழுத்தம் 45 பிஎஸ்ஐ. என் எடை 70 கிலோ.

ஸ்போக்கன்:
45 ரொம்ப அதிகம். டயர் கல் மேல பந்து மாதிரி துள்ளும், தரையைப் பிடிக்காது. முன்னால் 25, பின்னால் 28ல் ஆரம்பிங்க. பின்னால் கூடுதல் ஏன்னா உங்க எடை அங்கதான் அதிகம் இறங்குது. அளவுக்கு மீறிக் குறைச்சா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். விழுந்தா 2 பிஎஸ்ஐ ஏத்திக்குங்க.

கை மரக்குறதுக்கு பிரேக் லீவர் இருக்கும் இடத்தைப் பாருங்க. கிரிப்பை ஒட்டி இருந்தா ரெண்டு மூணு விரல் போட்டு இழுக்க வேண்டிவரும். லீவரை ஹேண்டில்பாரோட பிடிச்சிருக்கும் வளையத்தோட (கிளாம்ப்) போல்ட்டைத் தளர்த்தி லீவரை நடுப்பக்கமா நகர்த்துங்க. ஆள்காட்டி விரல் லீவர் நுனி வளைவில் உட்காரணும். நுனியில் இழுத்தா நெம்புபலம் கூடும், ஒரு விரல் போதும். மிச்ச விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கத்தான். போல்ட்டை இரும்புப்பிடியா முறுக்காதீங்க. விழும்போது லீவர் சுழன்று கொடுத்தா உடையாது.

மேடுபள்ளம்:
பிரேக் பிடிச்சதும் எடை முன்னால் போகும், பின்சக்கரம் லேசாகும். அதான் லாக் ஆகுது. நிறுத்தும் பலம் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான். தூக்கிப் போடுறது முன்பிரேக்கைச் சடக்னு இழுத்து, கையை விறைச்சு வெச்சிருக்கும்போது.

சமதரையில் பழகுங்க. சீட்டை நல்லா இறக்கி, எழுந்து நிக்கணும். ரெண்டு பெடலும் தரைக்குச் சமமட்டம், குதிகால் கீழே, இடுப்பை மடக்கிப் பின்னால், முழங்கை வெளிப்பக்கமா மடங்கி இருக்கட்டும். கிரிப்பில் விரலைத் தட்டிப் பார்க்க முடியலைன்னா எடை கைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். வேகநடை வேகத்தில் நேரா வந்து முன்பிரேக்கை மட்டும் மெதுவா அழுத்துங்க. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன்) அமுங்குறது உங்களுக்குத் தெரியும். அது தெரியும்போதே குதிகாலை இன்னும் அழுத்தணும். பத்துத் தடவை கழிச்சு ரெண்டு பிரேக்கையும் சேர்க்கலாம்.

"பின்னால் போய் உட்காரு"ன்னு சிலர் சொல்வாங்க. செங்குத்தான இடத்தைத் தவிர அது தப்பு. முன்சக்கரத்தில் எடை இல்லாம வளைவில் வழுக்கிடும்.

தடம்பார்:
வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுங்க. சாய்ஞ்ச நிலையில் முன்பிரேக் வேண்டாம். முதல் வகுப்புக்கு ஃப்ளாட் பெடல், தட்டையான அடிப்பகுதி ஷூ போதும். ஷூவோட பூட்டிக்கிற கிளிப் பெடல் பிறகு பார்த்துக்கலாம்.

புதுச்செயின்:
காற்று இறக்கியாச்சு. லீவரை உள்ளே தள்ளினா ஷிஃப்டர் (கியர் மாத்துற லீவர்) கிளாம்ப் தடுக்குதே?

ஸ்போக்கன்:
முதலில் ஷிஃப்டரையும் சேர்த்து உள்ளே தள்ளிப் பாருங்க. கட்டைவிரல் எட்டலைன்னா வெளியிலிருந்து உள்ளே வரிசையை மாத்துங்க: கிரிப், ஷிஃப்டர், பிரேக். கிளாம்ப் திறக்கிற வகைன்னா அப்படியே கழற்றலாம். முழு வளையம்னா கிரிப்பை உருவணும்.