ஸ்பிரிங்: பீன் கண்ணெதிரே இருக்கிறது, "இல்லை" என்று எர்ரர் வருகிறது – உதவுங்கள்

கேள்வி
வணக்கம். பழைய ஜாவா புராஜெக்ட் ஒன்றை ஸ்பிரிங் பூட் (ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் மேல் கட்டிய கருவி) 1.5-லிருந்து 2.7-க்கு மாற்றினேன். ஸ்டார்ட் ஆகும்போதே "நோ சச் பீன் டெஃபினிஷன் எக்செப்ஷன்": எஸ்எம்எஸ்சென்டர் வகையில் ஒரு பீன்கூட (ஸ்பிரிங் உருவாக்கி வைத்துக்கொள்ளும் பொருள்) இல்லையாம். கான்ஃபிக் கிளாஸில் அதை உருவாக்கித் தரும் @பீன் மெத்தட் இருக்கிறது, பிரேக்பாயின்ட் வைத்தால் அதற்குள் போய் வருகிறது. பேக்கேஜ் ஸ்கேன் (ஸ்பிரிங் கிளாஸ்களைத் தேடும் வேலை), புரொஃபைல் எல்லாம் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1
அந்த மெத்தட் எங்காவது நல் (null, பொருளே இல்லை என்னும் மதிப்பு) திருப்புகிறதா?

கேட்டவர்
ஆமாம் அண்ணா. டெஸ்ட் சர்வரில் எஸ்எம்எஸ் சேவைக்கான ஏபிஐ கீ (அனுமதிச் சாவி) கிடையாது, அப்போது ரிட்டர்ன் நல். கூப்பிடும் இடத்தில் இஃப் போட்டு வந்தது நல்தானா என்று பார்த்துக்கொள்வோம். முன்பு ஓடியதே?

பதில் 1
பூட் 1.5-க்குள் இருந்தது ஸ்பிரிங் 4.3, 2.7-க்குள் இருப்பது 5.3. ஸ்பிரிங் 5-ல் @பீன் மெத்தட் நல் திருப்பினால் கன்டெய்னர் (பீன்களை வைத்திருக்கும் ஸ்பிரிங்கின் பகுதி) அதை நல்பீன் என்ற உள் பொருளாக வைத்துக்கொள்ளும். கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு அது போனால் "பீனே இல்லை" என்று இதே எக்செப்ஷனை வீசும். அந்த மெசேஜைப் படிப்பவர் ஸ்கேனில்தான் கோளாறு என்று தேடப் போவார், உங்கள் தவறல்ல.

இன்றைக்கே ஓட வேண்டுமென்றால் பாராமீட்டரை ஆப்ஷனல்<எஸ்எம்எஸ்சென்டர்> ஆக்குங்கள், காலியாக வந்து சேரும்.

பதில் 2
அதோடு நிறுத்த வேண்டாம். நல் திருப்புவதையே விடுங்கள். மெத்தட் இருக்கும்வரை பீனின் டெஃபினிஷன் பதிவாகியிருக்கும். @கண்டிஷனல்ஆன்மிஸ்ஸிங்பீன் (அந்த வகை பீன் வேறு இல்லாதபோது மட்டும் உருவாக்கு என்னும் குறி) டெஃபினிஷனைத்தான் பார்க்கும், மதிப்பை அல்ல. ஆகவே மாற்று பீன் எழுதினாலும் அது உருவாகாது. எங்கள் டீமில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது.

நிஜ சென்டருக்கு @கண்டிஷனல்ஆன்பிராப்பர்ட்டி (குறிப்பிட்ட செட்டிங் இருந்தால் மட்டும் உருவாக்கு என்னும் குறி) போட்டு ஏபிஐ கீயோடு கட்டுங்கள். அதே கிளாஸில் அதற்குக் கீழே, லாக் மட்டும் எழுதும் சென்டர் ஒன்றை @கண்டிஷனல்ஆன்மிஸ்ஸிங்பீனோடு வையுங்கள். இஃப்களை எல்லாம் அழித்துவிடலாம்.

கேட்டவர்
செய்தேன். எக்செப்ஷன் போய்விட்டது, ஆனால் டெஸ்டிலும் நிஜ சென்டரே வருகிறது!

பதில் 2
பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் "எஸ்எம்எஸ்.கீ=" என்று வெறும் வரி இருக்கிறதா? அந்தக் கண்டிஷனுக்கு ஃபால்ஸ் தவிர எந்த மதிப்பும் "இருக்கிறது" என்றே கணக்கு, காலி மதிப்பும் சேர்த்து.

கேட்டவர்
அதேதான். வரியை எடுத்தேன், லாக் சென்டர் வந்துவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.